பந்தய டயரும் வீட்டுக் காரும்

மொட்டை டயருக்கு நம்மவரிடையே நல்ல பெயர் கிடையாது. "மொட்டை டயரோடு மழையில் வண்டியை எடுக்கிறார்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் கையில் பணம் இல்லாதவர் என்றோ, மனத்தில் பொறுப்பு இல்லாதவர் என்றோதான் கேட்பவர் பொருள் கொள்வார். ஆனால் பட்டனே இல்லாத வழுவழுப்பான டயரைத் தேடிப் பிடித்து, அதிக விலை கொடுத்து வாங்கி மாட்டுகிற பந்தயம் ஒன்று உலகில் இருக்கிறது. அதற்கு டிராக் பந்தயம் என்று பெயர். நேர்கோடு போன்ற பாதையில் இரண்டு கார்கள் அருகருகே நின்று, விளக்கு எரிந்தவுடன் புறப்பட்டு, கால் மைல் தூரத்தை யார் முதலில் கடக்கிறார் என்று பார்ப்பதே அந்தப் பந்தயம். கால் மைல் என்பது 1,320 அடி. மெட்ரிக் கணக்கில் ஏறக்குறைய 402 மீட்டர். வளைவு இல்லை, மேடு இல்லை, எதிரே வரும் வண்டி இல்லை. பத்துப் பதினைந்து வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தப் பத்துப் பதினைந்து வினாடிகளுக்கென்று செய்யப்பட்ட டயரை, நாள்தோறும் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் காரில் மாட்டி ஓட்டலாமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். இது நமக்குச் சம்பந்தமில்லாத அமெரிக்க விவகாரம் என்று தோன்றலாம். அப்படியன்று. புணேயிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் தில்லியை அடுத்த குருகிராமத்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் காரின் எஞ்சினைப் பலப்படுத்துவதில் ஆர்வம் கொண்டிருக்கிறார்கள். லோணாவளாவுக்கு அருகே ஆம்பி வேலி விமான ஓடுபாதையில் 2010-களில் நடந்த நேர்கோட்டுப் பந்தயங்கள் இந்த ஆர்வத்தை வளர்த்திருக்கின்றன. எஞ்சினுக்குப் பலம் கூடியபின், புறப்படும்போது சக்கரம் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதைத் தடுக்க வழி தேடும்போது டிராக் டயர் கண்ணில் படுகிறது. அந்த டயரோடு அதே கார், ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையரை ஏற்றிக்கொண்டு ஆடி மாத மழையில் மலைச் சாலையில் இறங்கும். நம் கவலை எல்லாம் அந்த இறக்கத்தைப் பற்றியதுதான்.

முதலில் இந்த டயரின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். கலிபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பந்தயம் ஓட்டும் வழக்கம் 1930-களிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய இளைஞர்கள் பழைய கார்களைச் செப்பனிட்டுத் தெருக்களில் போட்டியிடத் தொடங்கினார்கள். அந்தத் தெருப் பந்தயத்தை ஒழுங்கான இடத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்ற எண்ணத்தில், 1950-இல் சாண்டா ஆனா என்னும் ஊரின் விமான ஓடுபாதையில் கட்டணம் வாங்கி நடத்தும் டிராக் பந்தயம் ஆரம்பமாயிற்று. அடுத்த ஆண்டு, 1951-இல், வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் சங்கம் ஒன்றை நிறுவினார். போர்க்காலத்து ஓடுபாதை பந்தயப் பாதையாக மாறிய கதை நமக்கும் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், அத்தகைய ஓடுபாதையில்தான் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. அவற்றை நேரில் கண்ட பெரியவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் உபயோகித்தவை பெரும்பாலும் பழைய டயரின் மேல் பட்டன் இல்லாத ரப்பரைப் புதிதாக ஒட்டிய ரீட்ரெட் டயர்களே. 1950-களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்து எம். அண்டு எச். நிறுவனம் போன்றவை, பந்தயத்துக்கென்றே மென்மையான ரப்பரில் டயர் வார்த்துத் தரத் தொடங்கின. அதன்பின் பந்தய நேரங்கள் மளமளவென்று குறைந்தன. எஞ்சின் தந்த வேகம் எவ்வளவோ, டயர் தந்த வேகமும் அதற்குக் குறைந்ததன்று.

அது எப்படி என்பதை அறிய, பள்ளிக்கூடத்தில் நாம் படித்த உராய்வுப் பாடத்தைச் சற்று நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பொருள் தரையை எவ்வளவு பலமாக அழுத்துகிறதோ அந்த அளவுக்கே உராய்வு இருக்கும்; தரையைத் தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பதைப் பற்றிக் கவலை இல்லை என்பது அந்தப் பாடம். மரக்கட்டைக்கும் இரும்புப் பாளத்துக்கும் அது ஏறக்குறையப் பொருந்தும். ரப்பர் அந்த விதிக்கு அடங்குவதில்லை. ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கி அவற்றின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. இறங்கிய இடத்தில் ஒட்டிக்கொள்வதால் ஒரு பிடிப்பு உண்டாகிறது. நசுங்கிய ரப்பர் நிமிரும்போது, வாங்கிய சக்தியை முழுவதும் திருப்பித் தராமல் ஒரு பகுதியைச் சூடாக விழுங்கிக்கொள்வதால் இன்னொரு பிடிப்பு உண்டாகிறது. ஆகவே ரப்பர் எவ்வளவு மென்மையோ, தரையில் படும் பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குப் பிடிப்பும் கூடுகிறது. டயரில் பள்ளம் வெட்டினால், வெட்டிய இடமெல்லாம் தரையைத் தொடாத இடமாகிவிடும். காய்ந்த தரையில் அது நஷ்டம். அதனால்தான் பந்தய டயர் மொட்டையாக இருக்கிறது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். பிடிப்பு வண்டியின் எடைக்குச் சமமாக இருக்கலாமே தவிர அதற்கு மேல் போகாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும் கால் மைலைக் கடக்க 9.06 வினாடிக்குக் குறைந்து ஆகாது. எல்லைக்கோட்டில் வேகமும் மணிக்கு 320 கிலோமீட்டரை, அதாவது 200 மைலை, எட்டாது. இந்த எல்லையைத் தாண்ட முடியாது என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. 1964-இல் டான் கார்லிட்ஸ் என்ற பந்தய வீரர் 8 வினாடிக்கும் குறைந்த நேரத்தில், மணிக்கு 200 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் கால் மைலை முடித்தார். கணக்கில் பிழை இல்லை. ரப்பரைப் பற்றிய அனுமானத்தில்தான் பிழை. தலைசிறந்த வகைக் கார்களுக்கு 2008 முதல் பந்தய தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். அதை அவை 4 வினாடிக்குள் கடந்து, மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைத் தொடுகின்றன. பின்புற இறக்கை காற்றைக் கொண்டு சக்கரத்தைத் தரையோடு அழுத்துவதும் அதற்கு ஒரு காரணம்.

மென்மையான ரப்பர் மட்டுமே இந்த டயரின் ரகசியம் அன்று. அதன் பக்கச் சுவர் வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்யப்பட்டிருக்கிறது. சாதாரணக் காரின் டயரில் நாம் 30 முதல் 35 பவுண்டு காற்று அடிக்கிறோம். வழுவழுப்பான பந்தய டயரில் 8, 10, 12 பவுண்டு அளவில்தான் காற்று இருக்கும். புறப்படும் கணத்தில் எஞ்சினின் திருப்பு விசை சக்கரத்தின் இரும்பு வளையத்தைச் சுழற்றுகிறது; தரையைப் பற்றிய ரப்பரோ நகர மறுக்கிறது. இடையில் உள்ள பக்கச் சுவர், ஈரத் துணியைப் பிழிவது போல் முறுகி, மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது. அந்த முறுக்கு பின்னர் அவிழும்போது வண்டி அம்பு போல் பாய்கிறது. முதல் அதிர்ச்சியை டயர் வாங்கிக்கொள்வதால் அச்சும் பற்சக்கரங்களும் உடையாமல் தப்புகின்றன. வேகம் ஏற ஏற, அதே டயர் சுழற்சியால் விரிந்து உயரமும் கூடுகிறது. பந்தயப் படங்களில் இதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், உயிருள்ள பிராணி ஒன்று எழுந்து ஓடுவது போல் இருக்கும். இவ்வளவு சாமர்த்தியமான பொருளை யார் வியக்காமல் இருக்க முடியும்?

வியப்பது வேறு, வீட்டுக் காரில் மாட்டுவது வேறு. பந்தயப் பாதையில் டயர் மட்டும் தனியாக வேலை செய்வதில்லை. புறப்படுமுன் ஓட்டுபவர், தண்ணீர் தெளித்த இடத்தில் சக்கரத்தை நின்றபடியே சுழலவிட்டுப் புகை கிளம்பும் அளவுக்குச் சூடாக்குகிறார். அந்தச் சூட்டில் ரப்பரின் மேல்தோல் பிசுபிசுப்பாகிறது. பாதையின் மேலும் பிசின் போன்ற ஒரு திரவத்தைத் தெளித்து, பழைய டயர்களை இழுத்துத் தேய்த்து, ரப்பர்ப் படலம் ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் நடப்பவரின் செருப்பு காலைவிட்டுக் கழன்று தரையோடு நின்றுவிடுவதுண்டு. பிசுபிசுப்பான டயர், பிசுபிசுப்பான பாதை: இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் மேலே கண்ட பிடிப்பு. நம் தெருவில் பிசினுக்குப் பதிலாக மணலும் டீசல் கசிவும் வெள்ளைக்கோட்டின் வர்ணமும் இருக்கின்றன. காலையில் வீட்டு வாயிலிலிருந்து புறப்படும் டயர் குளிர்ந்து கிடக்கிறது. ஆகவே காய்ந்த சாலையிலுங்கூட, பந்தயப் பாதையில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். அந்தப் பகுதியும் வெறுங்கையாக வருவதில்லை. மென்மையான ரப்பர் சாலையிலுள்ள ஆணியையும் ஜல்லியையும் பொறுக்கியெடுத்துக்கொள்கிறது. ஆணி பஞ்சராக்குகிறது, ஜல்லி மட்கார்டில் படபடவென்று அடிக்கிறது.

இப்போது மழைக்கு வருவோம். இந்த விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு டயர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் சாலையில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மும்பை மழையை அறிந்தவர்களுக்கு 3 மில்லிமீட்டர் என்பது தண்ணீராகவே தோன்றாது. ஆயினும் கணக்குப் போட்டால், அந்த ஒரு டயர் ஒவ்வொரு வினாடியும் 13 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைத் தன் வழியிலிருந்து விலக்கியாக வேண்டும். ஒரு வாளித் தண்ணீர்! அது எங்கே போகும்? பட்டன்களுக்கிடையே உள்ள பள்ளங்கள் வழியாகத்தான் போக வேண்டும். டயரில் நாம் காணும் கோடுகள் அழகுக்காக வெட்டியவை அல்ல, அவை வடிகால்கள். புதிய சாதாரண டயரில் அந்த வடிகாலின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். பந்தய டயரில் அது அறவே இல்லை. தெருவில் ஓட்டலாம் என்று விற்கப்படும் டிராக் டயரில் ஒப்புக்கு இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். அவற்றின் ஆழமும் பலவற்றில் சாதாரண டயரில் பாதிதான். டயரின் அகலத்தை 30 சென்டிமீட்டராக்கினால் விலக்க வேண்டிய தண்ணீர் 20 லிட்டராகிறது. தண்ணீர் கூடுகிறது, வடிகால் குறைகிறது. விலகாத தண்ணீர் டயருக்கும் சாலைக்கும் இடையே புகுந்து ஆப்பு போல் டயரைத் தூக்கிவிடும். அதன்பின் கார் ஓடுவதில்லை, மிதக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் பயன் இல்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதை விமானச் சக்கரங்களைக் கொண்டு நாசா ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 1963-இல் ஒரு வாய்பாடு வெளியிட்டார்கள். தண்ணீர் போதிய ஆழம் இருந்து, டயரும் மொட்டையாக இருந்தால், மிதக்கும் வேகத்தை நிர்ணயிப்பது முக்கியமாக உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே என்பது அவர்கள் கண்டது. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால் மிதக்கும் வேகம் மைல் கணக்கில் கிடைக்கும். 32 பவுண்டு காற்றுள்ள டயருக்கு அது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். 16 பவுண்டுக்கு இறக்கினால் சுமார் 67 கிலோமீட்டர். 12 பவுண்டானால் 58 கிலோமீட்டரளவில் டயர் தரையை விட்டுவிடும். காரின் டயருக்கு இந்த எண்கள் துல்லியமாகப் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. போகும் திசை இதுதான் என்பதில் ஐயம் இல்லை. பந்தயத்தில் பிடிப்பைக் கூட்ட எதைச் செய்கிறார்களோ, அதாவது பட்டனை எடுப்பது, அகலத்தைக் கூட்டுவது, காற்றைக் குறைப்பது ஆகிய மூன்றையும், மழைச் சாலையில் செய்தால் மூன்றும் பிடிப்பைக் குறைக்கின்றன.

மிதக்கும் அளவுக்குப் போகாத சாதாரண ஈரத்திலுங்கூட வித்தியாசம் பெரிது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், எடையில் பத்தில் ஏழு பங்கு பிடிப்பு இருந்தால் பிரேக் பிடித்தபின் 36 மீட்டரில் நிற்கும். பிடிப்பு பத்தில் மூன்று பங்காகக் குறைந்தால் நிற்பதற்கு 84 மீட்டர் வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 48 மீட்டரில், மும்பை–புணே விரைவுச் சாலையில் பழுதாகி நிற்கும் லாரி ஒன்று இருக்கலாம்.

அமெரிக்க அனுபவத்தை அப்படியே நம் காருக்கு எடுத்துக்கொள்வதில் வேறொரு தடையும் இருக்கிறது. டிராக் பந்தயம் வளர்ந்தது பெரும்பாலும் பின்சக்கரத்தால் ஓடும் கார்களை வைத்து. புறப்படும்போது எடை பின்னால் சாய்கிறது. சாயும் எடை ஓட்டும் சக்கரத்தின் மேலேயே விழுகிறது. நம் வீதிகளில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று, புவி ஈர்ப்பில் பாதியளவு முடுக்கத்தில் கிளம்பினால், சுமார் 110 கிலோகிராம் எடை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ஓட்டவேண்டிய சக்கரம் இலேசாகிறது; சும்மா உருளும் சக்கரத்தின் மேல் பாரம் ஏறுகிறது. ஆகவே டிராக் டயரை முன்னால் மாட்டவேண்டி வரும். முன்னால் மாட்டினால் என்ன ஆகும்? திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் நாம் முக்கியமாக நம்பியிருப்பவையும் அதே முன்சக்கரங்கள்தாம். காய்ந்த சாலையில் முன்பக்கம் அளவுக்கு மீறிப் பிடிக்க, பின்பக்கம் பிடிக்காமல் வால் வீசும். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கிக் கார் நேரே போகும். ஒரே கார் வானிலையைப் பார்த்து இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஓட்டுபவருக்கு எதைப் பழகுவது என்றே தெரியாது. பின்சக்கர ஓட்டமுள்ள காரில் இத்தொல்லை வேறு உருவில் வருகிறது. பின்னால் மெல்லிய பக்கச் சுவரும் குறைந்த காற்றும், முன்னால் விறைப்பான ரேடியல் டயரும் இருந்தால், நெடுஞ்சாலையில் பாதை மாறும்போது வண்டியின் பின்பகுதி ஆடி ஆடி வரும். பின்னால் பழைய குறுக்கிழை முறையில் கட்டிய டயரானால் ஆட்டம் இன்னும் அதிகம்.

"தெருவில் ஓட்டலாம் என்று டயரின் மேலேயே எழுதியிருக்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்க டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். அவை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையைக் குறிப்பவை. ஆனால் அரசாங்கம் அந்த டயரைச் சோதித்து அனுமதி அளித்துவிட்டது என்று அதற்குப் பொருளன்று. அரசு விதித்த தரத்துக்கு எங்கள் டயர் பொருந்துகிறது என்று செய்தவரே உறுதி கூறி அந்த எழுத்துகளைப் பொறிக்கிறார். அந்தத் தரம் எவற்றைப் பார்க்கிறது? அதிக வேகத்தைத் தாங்குமா, நெடுநேரம் ஓடுமா, காற்றுக் குறைந்தால் சிதறுமா, இரும்பு வளையத்திலிருந்து கழன்று வருமா என்பன போன்றவற்றைப் பார்க்கிறது. ஈரச் சாலையில் எவ்வளவு பிடிக்கும் என்று பார்ப்பதில்லை. ஆகவே இரண்டு கோடுகளை வெட்டிய பந்தய டயரும் அந்த எழுத்துகளைத் தாங்கி வர இயலும். பந்தய ஆர்வலர்கள் அத்தகைய டயருக்கு 'ஏமாற்று டயர்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் விவரம் அறிந்தவர்கள்தாம்.

அந்த மூன்று எழுத்துகளைவிடத் தேய்மான எண் நமக்கு அதிகம் சொல்லும். அமெரிக்காவில் விற்கும் சாதாரணக் கார் டயர்களில் 300, 400, 500 என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். எண் பெரிதானால் டயர் நெடுநாள் உழைக்கும். தெருவுக்கென்று விற்கும் டிராக் டயர்களில் அது பெரும்பாலும் 100, அல்லது அதற்கும் குறைவு. நம் சாலையில் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் டயருக்குப் பதிலாக, சில ஆயிரம் கிலோமீட்டரில் தீர்ந்துபோகும் டயரை வாங்குகிறோம் என்பது இதன் பொருள். தேயாமல் வைத்திருந்தாலும் அது அப்படியே இருப்பதில்லை. சூடாகிச் சூடாகிக் குளிரும் ஒவ்வொரு தடவையும் ரப்பர் சற்று இறுகுகிறது. நாள்தோறும் அலுவலகம் போய்வந்தே அந்த மென்மையை இழந்த டயர், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் என்ன பிடிக்கும்? சேர்த்துவைத்த நெய்யை விளக்கெரிக்கச் செலவிட்டுவிட்டு விருந்துக்குத் தேடுவது போன்றதுதான் இது.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையால் வந்த நிபந்தனை. மத்திய மோட்டார் வாகன விதிகள் பட்டனின் ஆழத்துக்கு 1.6 மில்லிமீட்டர் என்று குறைந்தபட்ச அளவு நிர்ணயித்திருக்கின்றன. கோடே இல்லாத பந்தய டயர் இந்த விதியின் முன் ஒரு கணமும் நில்லாது. 2022-இல் செய்த திருத்தம் ஈரச் சாலைப் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, ஓசை ஆகிய மூன்றுக்கும் தரம் விதித்தது. நம் கருத்தில், அமெரிக்கத் தரம் கேட்க மறந்த கேள்வியை இது கேட்கிறது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதோ, மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். விபத்துக்குப் பின் காப்புறுதிக் கம்பெனியின் ஆய்வாளர் வண்டியைப் பார்க்க வரும்போது, முத்திரை இல்லாத டயர் அவர் கண்ணில் முதலில் படும்.

அப்படியானால் ஆசையை விட்டுவிடுவதா? அது தேவையில்லை. 2005-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று டிராக் வீக் என்ற போட்டியைத் தொடங்கியது. ஐந்து நாள், ஐந்து பந்தயப் பாதைகள். ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பந்தயம் ஓடிய அதே காரைப் பொதுச் சாலையில் தாமே ஓட்டிச் செல்லவேண்டும். வாரம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 1,000 மைல். டிராக் டயரையும் தெருவையும் பற்றி அவர்களைவிட நன்கு அறிந்தவர் உலகில் இல்லை எனலாம். அவர்களுள் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காருக்குப் பின்னால் ஒரு சிறு இழுவண்டியைக் கட்டிக்கொள்கிறார்கள். அதில் கருவிப் பெட்டியும் பந்தய டயரும் இருக்கும். பாதைக்கு வந்ததும் தெரு டயரைக் கழற்றிப் பந்தய டயரை மாட்டுகிறார்கள். ஓடி முடித்ததும் மறுபடி மாற்றுகிறார்கள். கோடுள்ள ரேடியல் டிராக் டயரோடு முழு தூரத்தையும் ஓட்டுபவர்களும் உண்டு. வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள்.

நாமும் அவ்வாறே செய்யலாம். சக்கரத்தின் இரும்பு வளையத்தில் இன்னொரு ஜோடி வாங்கி, பந்தய டயரை அதில் நிரந்தரமாகப் பொருத்தி வைப்பது சிறந்தது. டயரை மட்டும் அடிக்கடி கழற்றி மாட்டினால் அதன் விளிம்பு கெட்டுவிடும். வாங்கும்போது பக்கச் சுவரிலுள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்கவேண்டும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். மென்மையான ரப்பர் விரைவில் முதுமையடைவதால், குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று பழைய சரக்கை வாங்குவது லாபமன்று. காரின் பாரத்தைத் தாங்கும் குறியீடு கம்பெனி டயரில் உள்ளதற்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சில பந்தய டயர்களில் அக்குறியீடே இராது. அத்தகையதைப் பந்தயப் பாதைக்கு வெளியே ஓர் அடியும் ஓட்டலாகாது.

பந்தயம் இல்லாத மாதங்களில் அந்தச் சக்கரங்களை வெயில் படாத இடத்தில், கறுப்பு உறையிட்டு வைக்கவேண்டும். வீட்டில் இன்வெர்ட்டரோ தண்ணீர் மோட்டாரோ ஓடும் இடத்துக்கு அருகே வைக்கலாகாது; மின் இயந்திரங்களிலிருந்து கிளம்பும் ஓசோன் வாயு ரப்பரை வெடிக்கச் செய்யும். சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் வசிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. உறைநிலைக் குளிரில் இந்த ரப்பர் விறைத்துப்போகும். அந்நிலையில் அதைக் கீழே போட்டாலோ உருட்டினாலோ விரிசல் விடக்கூடும். குளிர்காலத்தில் வீட்டுக்குள், மனிதர் இருக்கும் அறையில்தான் அதற்கும் இடம் தரவேண்டும். தில்லியில் தை மாதக் காலையில் அவ்வளவு குளிர் இராது; ஆனாலும் டயரை வெளியே எடுத்தால் வெயில் ஏறியபின் எடுப்பதே நல்லது.

பந்தயம் முடிந்து தெரு டயரை மாட்டியதும், காற்றை 32 பவுண்டோ, கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவோ வைத்துக்கொள்ளவேண்டும். ஸ்டெப்னியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, எதிரெதிரே உள்ளவற்றைச் சேர்த்து, அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்கிவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் 80 கிலோமீட்டர் ஓடியதும் ஒருதரம் நிறுத்தி மறுபடி முடுக்கவேண்டும்.